இன்னும் கொஞ்சம் பிடிக்குது

"கை நம்ம பேச்சைக் கேக்குற வரைக்கும்தான்டா..." என்று அப்பா ஆரம்பிப்பார், அதன் பின்பாதி எனக்கு வருவதில்லை. கேக்குற வரைக்கும்தான்டா நாம ஆளு என்றா, கேக்குற வரைக்கும்தான்டா வீட்டுல நம்ம சொல்லு எடுபடும் என்றா, இரண்டுமே அவர் சொல்லக்கூடியதுதான், ஆனால் இரண்டையும் அவர் குரலில் கேட்டுப் பார்த்தால் பொருந்தவில்லை, காதில் நிற்பது முன்பாதியும் அதற்குப் பிறகு அவர் பீடியை உறிஞ்சும் சத்தமும்தான். மதியச் சாப்பாடு முடிந்து, ஏலக்காய் காய வைக்கும் ஸ்டோருக்குப் பின்னால், இரண்டு டிரம்மின் மேல் பழைய கதவொன்றைப் போட்டு மேசையாக்கி, அண்ணனின் துப்பாக்கியிலிருந்து உருவி எடுத்த போல்ட்டை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருக்கும்போது அது ஏன் வர வேண்டும். கழுவக் கழுவக் கறுப்பாகக் கசண்டு இறங்குகிறது. தொழிற்சாலையில் பூசி அனுப்பிய கிரீஸ் அப்படியே இறுகி மெழுகாகிக் கிடக்கிறது, அதன்மேல் இந்த மலையின் தூசி, ஏலக்காய்ப் புகை, எத்தனையோ மழைக்காலம். பெரிய ரைஃபிள் ஒன்றும் இல்லை. கையால் போல்ட்டை இழுத்து, தள்ளி, மடக்கி, ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றிச் சுடுகிற வகை, லைசென்ஸ் கிடைத்த ஒரு சின்னத் தோட்டக்காரன் கை எட்டுகிற விலை. விலைக்குத் தக்க வேலைப்பாடு. சுடும், நேராகவே சுடும், ஆனால் போல்ட்டை இழுத்தால் சரளை ரோட்டில் டிரங்குப் பெட்டியை இழுத்த மாதிரி கரகரக்கும். "அதைக் கொஞ்சம் வழவழன்னு பண்ணிக் குடு வேலு, பஹ்ரைன்ல இத்தன வருசம் இரும்பத்தான தடவிக்கிட்டு இருந்த" என்றார் அண்ணன். நாளை விடிந்ததும் பன்றி சுடப் போக வேண்டும், பஞ்சாயத்து உத்தரவு வந்துவிட்டது. பக்கத்துவீட்டுப் பேபிச்சனின் மரவள்ளித் தோட்டத்து மேட்டில் அண்ணன் தவசி இதை ஏந்திக்கொண்டு நிற்பார், அவருக்கு இடது பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், நாய்ச் சங்கிலிகளைப் பிடித்துக்கொண்டு பேபிச்சன் நிற்பார். போன முறையும் அப்படித்தான் நின்றார்கள்.

போன முறை நான் எதிர்ப் பள்ளத்தில் தகரம் தட்டிக்கொண்டிருந்தேன். யாருடைய நிலத்தைப் பன்றி கிளறியதோ அவர்கள் வீட்டு ஆள் வந்து தகரம் தட்ட வேண்டும் என்பது இங்கே பேசாமல் ஏற்பட்டுவிட்ட ஒரு வழக்கம், எங்கள் இஞ்சிப் பாத்தியைக் கிளறியிருந்ததால் எங்கள் வீட்டிலிருந்து நான். மேட்டில் அண்ணன் தெரிந்தார், தொப்பியும் தோளும். முதல் வெடி கேட்டது. பன்றி உருண்டது, உருண்ட வேகத்திலேயே எழுந்தது, பள்ளத்துக்கு ஓட வேண்டியது மேட்டைப் பார்த்து ஏறியது. இப்போது இரண்டாவது வெடி கேட்க வேண்டும், கேட்கவில்லை, அண்ணனின் வலது முழங்கை மட்டும் ஏறி ஏறி இறங்கியது, தையல் மிஷின் மிதிப்பவனின் முட்டி மாதிரி, அவ்வளவு தூரத்திலிருந்தும் எனக்கு அது தெரிந்தது. கைசர் என்கிற அந்தப் பழுப்பு நாய் சங்கிலியோடு குறுக்கே பாய்ந்தது, பன்றி அதைக் கிழித்துப் போட்டு, பேபிச்சனைத் தொடையில் இடித்து ஓடையில் தள்ளிவிட்டு, அப்பால் போய்த்தான் விழுந்தது. நான் ஓடி ஏறினேன். எல்லாரும் பேபிச்சனிடம் குனிந்திருக்க, நான் ஏன் முதலில் துப்பாக்கியைப் பார்த்தேன் என்று தெரியவில்லை, தொழில் பழக்கமாக இருக்கலாம். போல்ட் பின்னால் போய்த் திரும்பி வந்து, கடைசி ஒரு விரற்கடை மூடாமல் நின்றிருந்தது. வெற்றுக் கூடு வெளியே விழுந்து புல்லில் கிடந்தது. புதுத் தோட்டா உள்ளே போயிருந்தது. தள்ளி மடக்குவது மட்டுமே பாக்கி. "போல்ட்டு பிடிச்சிக்கிச்சு" என்றார் அண்ணன், யாரும் கேட்பதற்கு முன்பே. வனத்துறை ஆட்கள் வந்து, இறைச்சியை யாரும் எடுக்காதபடி பன்றியின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைத்து முடிப்பதற்குள் வார்டு முழுக்க அதுதான் பேச்சு, போல்ட்டு பிடிச்சிக்கிச்சு, தவசியின் குற்றம் இல்லை, போல்ட்டு. ஜீப்பில் ஏற்றும்போது பேபிச்சனே வலியோடு சொன்னார், மலிவுச் சாமான்டா தவசி, விட்டுத் தள்ளு. நானும் தலையாட்டினேன். பிடிக்கிற போல்ட் இழுக்கும்போதல்லவா பிடிக்கும் என்று எனக்குள் ஒரு முள் அப்போதே தைத்தது, அதைப் பிடுங்கவும் இல்லை அழுத்தவும் இல்லை.

கழுவித் துடைத்ததும் இரும்பு தன் முகத்தைக் காட்டுகிறது. கடைசல் உளி போன தடம் அப்படியே இருக்கிறது, உழுது பரம்படிக்காத நிலம் மாதிரி வரி வரியாக. நகத்தை வைத்துக் குறுக்கே ஓட்டினால் நகம் துள்ளுகிறது. பஹ்ரைனில் பம்ப் ஷாஃப்ட்டுகளை இப்படித்தான் முதலில் பார்ப்போம், அளக்கிற கருவி மேசையில் இருக்கும், ஆனால் நகத்துக்கே தெரிகிற குறைக்குக் கருவியை எடுப்பது அவமானம். இதில் குறை இல்லை என்று யார் சொன்னது, இருக்கிறது, நிறைய இருக்கிறது, பார், அண்ணன் சொன்னது சரிதான், எனக்கு அப்படி ஒரு ஆறுதல் வந்தது, வெட்கமில்லாத ஆறுதல். மார்க்கர் பேனாவால் போல்ட் முழுக்க மை பூசினேன், காயவிட்டேன், துப்பாக்கிக்குள் செருகி முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு உருவிப் பார்த்தேன். எங்கே உரசுகிறதோ அங்கே மை போய் இரும்பு பளிச்சென்று தெரியும், தெரிந்தது, அடிவயிற்றில் நீளமாக ஒரு கோடு, வால் பக்கம் ஒரு திட்டு. ஐஸ் குச்சியில் மெல்லிய தோலைச் சுற்றி, மெருகுப் பசையைத் தொட்டு, அந்த இடங்களில் மட்டும் தேய்க்கிறேன். தோட்டாவை உள்ளே வைத்துப் பூட்டுகிற பற்களின் பக்கம் போக மாட்டேன், அங்கே மயிரிழை குறைந்தாலும் வெடி சுடுகிறவன் முகத்துக்குத் திரும்பலாம். ஸ்பிரிங்கையும் தொட மாட்டேன். இந்த வகையில் போல்ட்டைத் தள்ளும்போது கடைசி ஒரு விரற்கடையில் ஸ்பிரிங் எதிர்த்து நிற்கும், அதை மீறித் தள்ளித்தான் கைப்பிடியை மடக்க வேண்டும், அந்த எதிர்ப்புத்தான் பிறகு தோட்டாவை அடிக்கிற பலம். அது கோளாறு இல்லை, அதன் சுபாவம். தேய்க்க வேண்டியதைத் தேய்க்கலாம், சுபாவத்தைத் தேய்க்க முடியாது. மறுபடி மை, மறுபடி செருகல், மறுபடி உருவல். கோடு அகன்றிருக்கிறது, திட்டு மங்கியிருக்கிறது. கரகர கொஞ்சம் கொஞ்சமாகச் சரசரவாகிறது. ஆனால் அந்தக் கடைசி விரற்கடையில், அண்ணனின் போல்ட் அன்று நின்ற இடத்தில், மை அப்படியே இருக்கிறது. அங்கே எதுவும் எதன்மேலும் உரசவில்லை. முதல் தடவையே பார்த்தேன். பார்த்துவிட்டு அடிவயிற்றுக் கோட்டைத் தேய்க்கத் தொடங்கினேன்.

"எடா வேலு, கல்யாணப் பொண்ணுக்கு மேக்கப் போடுறது போலே இருக்கே!" பேபிச்சன்தான். வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தார், காலை இன்னும் இழுத்துத்தான் நடக்கிறார், அறுபது தாண்டியும் பேபி என்று கூப்பிடப்படுகிற மனிதர், அவர் பேசுவது தமிழா மலையாளமா என்று அவருக்கே கணக்கில்லை. டிரம்மில் சாய்ந்து நின்று போல்ட்டை எடுத்துப் பார்த்தார், சந்தையில் மாட்டின் பல்லைப் பார்க்கிற மாதிரி. "நல்ல மினுக்கம். நாளைக்கி இதைக் கண்டா பன்னி தானே வந்து நிக்கும், ஒரு ஃபோட்டோ எடுத்துத் தாங்கோன்னு." சிரித்தேன். கால் எப்படி இருக்கிறது சேட்டா என்று கேட்டேன். "மழை வந்தா காலு முதல்ல அறியும், பின்னதான் ரேடியோ." புது நாய் ஒன்று வாங்கியிருக்கிறாராம், கைசர் அளவுக்கு வராது, கைசர் நாயே இல்லை, சொந்தக்காரன். அதைப் பலா மரத்தடியில் புதைத்த அன்று அவர் அழுதார், ஆஸ்பத்திரிக் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து. அன்று அண்ணன் அவர் பக்கத்தில் நின்று மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார், வலது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது, இப்போது யோசித்தால் அந்தக் கை கொஞ்ச நாளாகவே பைக்குள்தான் இருக்கிறது. நாளைக்குக் கொஞ்சம் தள்ளி நின்றால் என்ன சேட்டா, என்று சொல்லிப் பார்த்தேன், சாதாரணமாக, தோலில் பசையைத் தொட்டுக்கொண்டே. "எந்தினு?" என்றார், எதற்கு என்று. இல்லை, காலும் சரியில்லையே என்றேன். "அதுகொண்டுதானே பக்கத்துல நிக்கணும். ஓட முடியாதவன் தவசிகிட்ட நிக்கணும். தவசிக்கு இடது பக்கம்னா இன்ஷுரன்ஸ் எடுத்து வச்ச போலயாக்கும்." அன்றைக்கு அந்த இன்ஷுரன்ஸ் என்ன ஆனது என்று என் நாக்கு வரை வந்தது. அவர் முந்திக்கொண்டு, "அது போல்ட்டில்லே? நீ சரியாக்கினியே" என்றார், என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு இறங்கிப் போனார். நீ சரியாக்கினியே. தோளில் தட்டிய இடம் இன்னும் கனக்கிறது.

சொல்லிவிடலாம், இது என் அண்ணன் கை, போல்ட் இல்லை என்று, ஆனால் அந்தக் கையில் இருப்பது துப்பாக்கி மட்டுமா. நாங்கள் போடிப் பக்கத்திலிருந்து ஏறி வந்தவர்கள், அண்ணன் எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கூடத்தோடு நிறுத்திக்கொண்டார், நான் அங்கே தொடங்கி மலையாளப் பள்ளிக்கூடத்தில் முடித்தேன், அதனால் வார்டுக் கூட்டத்தில் எனக்கு இரண்டு பாஷையிலும் காது கேட்கும், அவருக்குப் பேசினால் புரியும், எழுதி ஒட்டினால் புரியாது. அவர் பின் வரிசையில், கதவோரமாக உட்காருவார், யாராவது "பாண்டிக்காரர் எந்தா ஒந்நும் பறயாத்தது" என்று, தமிழ்நாட்டுக்காரர் ஏன் ஒன்றும் பேசவில்லை என்று, கேட்டால் சிரிப்பார். லீவுக்கு வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன், அந்தச் சிரிப்பை. பிறகுதான் பன்றி சுட லைசென்ஸ்காரர்களின் பெயரைப் பஞ்சாயத்து எடுத்தது, எங்கள் வார்டில் லைசென்ஸ் இருந்தது அண்ணன் ஒருவரிடம். இரண்டே மழைக்காலத்தில் அவர் தவசிச்சேட்டன் ஆகிவிட்டார். கூட்டத்தில் முன் வரிசை. கல்யாண வீட்டில் பந்தியில் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். வார்டு மெம்பர் லிஸ்ஸி நேற்று எனக்குத்தான் போன் செய்தாள், உத்தரவு வந்ததைச் சொல்ல, அண்ணன் போன் எடுப்பதில்லையாம், தொடுதிரை அவர் விரலுக்குச் சரியாக விழவில்லை என்று அவர் எங்களிடம் சொல்லியிருந்தார், அதையும் நாங்கள் போனின் குற்றம் என்று எடுத்துக்கொண்டோம். "சேட்டன் உண்டல்லோ, அது மதி" என்றாள் லிஸ்ஸி, அண்ணன் இருக்கிறாரே, அது போதும் என்று. மனிதனுக்கு இந்த வயதில் இப்படி ஒரு வாக்கியம் கிடைப்பது சின்ன விஷயமா. பஹ்ரைனில் என்னைப் பற்றி அப்படி யாரும் சொன்னதில்லை. நான் இல்லாத மறுநாள் என் மேசையில் வேறொருவன் நகத்தை ஓட்டிக்கொண்டிருப்பான்.

சரசர இப்போது சத்தமில்லாமல் ஆகிவிட்டது. போல்ட்டைச் செருகித் துப்பாக்கியை லேசாகச் சாய்த்தால் தன் எடையிலேயே வழுக்கி வருகிறது, தண்ணீருக்குள் மீன் திரும்புகிற மாதிரி, எனக்கே ஆசையாக இருந்தது, மறுபடி மறுபடி சாய்த்துப் பார்த்தேன். மதினி காப்பி கொண்டு வந்தாள், அண்ணன் மனைவி மாயக்காள், ஒரு கையில் எனக்கு முழு டம்ளர், மற்றதில் அண்ணனுக்கு. "என்ன கொழுந்தனாரே, நகைக்கு மெருகு போடுற மாதிரில்ல உக்காந்திருக்கீக." முடியப் போகுது மதினி என்றேன். அண்ணன் எழுந்துவிட்டாரா என்று கேட்டேன், முகம் கழுவுறாக என்றாள். அண்ணனுடைய டம்ளர் பாதிதான் இருந்தது. அதைப் பார்த்தேன், அவள் நான் பார்ப்பதைப் பார்த்தாள். பாதி டம்ளர், நான் வந்ததிலிருந்து பாதி டம்ளர்தான், இரண்டு முறையாகக் கொடுப்பாள், சூடு ஆறிடும்ல என்பாள். அவர் சட்டைகளில் பட்டன்களைப் பிரித்துவிட்டு அழுத்தினால் ஒட்டிக்கொள்கிற டிக் பட்டன் வைத்துத் தைத்ததும் மதினிதான், புது மோஸ்தரு என்று அண்ணன் எனக்குக் காட்டினார். ஸ்டோர் புகைபோக்கியிலிருந்து பச்சை ஏலக்காய் வேகிற வாசனை கீழே இறங்கி எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. "சரியாயிருமா?" என்றாள். ஆயிருச்சு மதினி. "ரொம்பச் சரியாக்கிப்புடாதீக." நிமிர்ந்து பார்த்தேன். "அவுகளுக்குச் சொல்லிக்கிற ஒண்ணு வேணும்ல." டாக்டரிடம் காட்டினாளா என்று கேட்டேன். "கூப்பிட்டுப் பாத்தாச்சு. டாக்டரு எழுதிப்புடுவாரு, எழுதினா லைசென்ஸ் புதுப்பிக்க முடியாதுங்கிறாக. அப்புறம் எங்கிட்டு உக்காருவேன்ங்கிறாக." எங்கிட்டு உக்காருவேன். கதவோரத்தைத்தான் சொல்கிறார். பேபிச்சன் நாளைக்கும் பக்கத்தில்தான் நிற்பார் மதினி, என்றேன். அவள் அந்தப் பாதி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், முழு டம்ளரைப் பிடிப்பது மாதிரி. "எனக்கு அதுவுந்தான் நெஞ்சுல ஓடுது" என்றாள். போய்விட்டாள்.

ரொம்பச் சரியாக்காதே. நான் படித்த வேலையில் இப்படி ஒரு அளவு கிடையாது. ஆனால் அவள் கேட்பது புரிகிறது, கொஞ்சம் கரகரப்பை விட்டு வை, அதன் பின்னால் அவர் நின்றுகொள்ளட்டும். நான் அதைத்தான் மதியத்திலிருந்து தேய்த்துத் தேய்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன், அவர் ஒளிந்து நிற்கிற சுவரை. தேய்த்து வழவழப்பாக்கிய போல்ட்டில் மறுபடி சொரசொரப்பை ஏற்படுத்துவது ஒரு நிமிட வேலை, எமரித் தாளை எடுத்து நான்கு இழுப்பு, அண்ணன் நாளைக்கு ஒரு குறை சொல்லலாம். குறை சொல்லலாம், சுடவும் செய்வார், அதுதானே. கரகரப்பு இருந்தாலும் சுடுவார், இல்லாவிட்டாலும் சுடுவார், இரண்டிலும் கடைசி விரற்கடையில் கை நிற்கும், இரண்டிலும் பேபிச்சன் இடது பக்கம். அப்படியானால் மதியத்திலிருந்து நான் என்ன செய்துகொண்டிருந்தேன். என் வலது கையை நீட்டிப் பார்த்தேன், விரல்களை விரித்து, பனிமூட்டம் கீழிருந்து தோட்டத்துக்குள் ஏறிக்கொண்டிருந்த வெளுப்பின் முன்னால். அசையவில்லை. அசைகிறதா. உற்றுப் பார்த்தால் எந்தக் கையும் அசையும், மூச்சு விடுவதால் அசையும், நாடி அடிப்பதால் அசையும். அப்பா ஐம்பதில் போய்விட்டார், நெஞ்சுவலி, அவர் கை கடைசிவரை பேச்சைக் கேட்டது, அறுபது வரை இருந்திருந்தால் என்ன செய்திருக்கும் என்று யாருக்குத் தெரியும். நான் ஐம்பதுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். கடைசல் பட்டறையில் ஒரு பிலிப்பினோ இருந்தான், அவன் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் வந்தது, தனக்கும் வருமோ என்று தினம் காலையில் ஒரு காகிதத்தைக் கைமேல் விரித்து வைத்துப் பார்ப்பான், காகிதம் சலசலக்கிறதா என்று. நாங்கள் சிரிப்போம். துடைக்கிற துணியை எடுத்துக் கையின் மேல் போட்டேன், பிறகு யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன், அண்ணன் வந்துகொண்டிருந்தார்.

"ஆச்சா?" என்று, இடது கையில் கொண்டுவந்த பாதி டம்ளரை மேசையில் வைத்தார். பாருங்கண்ணே என்று நீட்டினேன். தோட்டா எல்லாம் பீரோவில், சாவி மதினி இடுப்பில், இருந்தாலும் வாசலைத் திறந்து காலி என்று அவர் பார்த்துக்கொண்டார், அந்த ஒழுங்கு இன்னும் தப்பவில்லை. வலது முழங்கையை விலாவோடு ஒட்ட வைத்து இறுக்கிக்கொண்டார். இழுத்தார், போல்ட் சத்தமில்லாமல் வந்தது, "அட!" என்றார், முகம் மலர்ந்துவிட்டது, "வெண்ணெய்டா!" தள்ளினார். கடைசி விரற்கடையில் ஸ்பிரிங் எதிர்த்தது. அங்கே கைப்பிடிக் குமிழ் இரும்பில் மோதத் தொடங்கியது, டிக் டிக் டிக் டிக், பல் கிட்டுகிற மாதிரி, முன்பு கரகரப்பில் மூழ்கிக் கிடந்த சத்தம் அது, நான் மற்ற எல்லாச் சத்தத்தையும் எடுத்துவிட்டதால் இப்போது அது மட்டும் தனியாகக் கேட்டது. அவருக்கும் கேட்டது. இடது கையைக் கொண்டுவந்து வலது கையின்மேல் வைத்து அழுத்தி மடக்கினார். "இன்னும் கொஞ்சம் பிடிக்குது வேலு." வாங்கினேன். என்ன செய்வது என்று தெரியாமல் உருவி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி இழுத்தார், மறுபடி தள்ளினார், டிக் டிக் டிக். "இன்னும் கொஞ்சம்தான்." வாங்கி, அவர் பார்க்க, சுண்டு விரலால் பின்னுக்கு இழுத்தேன், உள்ளங்கையால் ஒரு தள்ளு, மடங்கிவிட்டது. அதைச் செய்திருக்க வேண்டாம். "போல்ட்ல இனி எடுக்க ஒண்ணும் இல்லண்ணே" என்றேன். அவர் பனிமூட்டத்தைப் பார்த்தார். "மஞ்சு இறங்கினா வெரலு மரத்துப் போகுதுடா." காலையிலயும் மஞ்சுதான்ணே. "காலைல ரெண்டு டம்ளர் காப்பியக் குடிச்சா சரியாயிரும். ஒனக்கு பஹ்ரைன் வெயிலு, நாங்க இங்கன மஞ்சுலயே கெடந்தவுக, ஒனக்கென்ன தெரியும்." சிரித்தார், வார்டுக் கூட்டத்தில் கதவோரம் சிரிக்கிற சிரிப்பு. பேபிச்சன் எந்தப் பக்கம் நிக்கட்டும்ணே, என்று கேட்டேன். என் குரல் எப்படி இவ்வளவு நிதானமாக வந்தது. "எப்பவும் போல எடது பக்கம்தான். அவனுக்கு வேற எடத்துல நிக்கத் தெரியாது." துப்பாக்கியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனார், மதினியிடம் சாவி வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்ட, வலது கை பைக்குள் போய்விட்டது.

மேசையில் மை படிந்த துணியும், தேய்ந்துபோன ஐஸ் குச்சிகளும், அவர் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன பாதி டம்ளரும். மஞ்சு ஸ்டோர் வரை வந்துவிட்டது, பேபிச்சனின் கூரை தெரியவில்லை, புது நாய் குரைப்பது மட்டும் கேட்கிறது, சின்னக் குரல், இன்னும் ஊர் பழகாத குரல். மதினியிடம் சொல்லச் சொல்லலாம், அவளால் முடியாது. பேபிச்சனைத் தள்ளி நிற்கச் சொல்லலாம், சொன்னேன், நிற்க மாட்டார், நின்றாலும் அந்த இடத்தில் வேறொருவர் நிற்பார், தகரம் தட்டுகிறவன் நிற்பான், நானே நிற்கலாம். நானே நிற்கலாம் என்ற எண்ணம் ஒரு கணம் பெரிய மனுஷத்தனமாகத் தோன்றியது, பிறகு அதுவும் ஒரு மெருகுப் பசைதான் என்று தெரிந்தது. அண்ணன் என்னோடு பேசாமல் போகலாம், ஒரே கூரையின் கீழே இருந்துகொண்டு பேசாமல் இருக்க அவருக்குத் தெரியும், அப்பாவோடு அப்படி ஒரு வருஷம் இருந்தார். கூட்டத்தில் அவர் எங்கே உட்காருவார் என்று எனக்குத் தெரியவில்லை. பீரோ பூட்டுகிற சத்தம் கேட்டது, சாவி துளையைத் தேடித் தேடி ஒருவழியாக விழுந்த சத்தம். அவர் திரும்பி வந்து, பாதி டம்ளரை எடுக்க, ஸ்டோர் வாசலில் நின்றார். நான் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, அவர் காதில் விழும்படி, லிஸ்ஸி மெம்பரைப் போனில் கூப்பிட்டு, தவசியண்ணன் நாளைக்கு வரமாட்டார், இனிமேலும் வரமாட்டார், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொன்னேன்.